வெள்ளைச் சாம்பல், கறுப்புச் சாம்பல்: உமியிலிருந்து டோபர்மோரைட் செய்யும் ஆய்வுகள் பற்றி

உமிச்சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் செய்கிற ஆய்வுக்கட்டுரைகள் இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. நாலைந்து படித்தால் போதும், அடுத்ததின் முன்னுரையை நீங்களே எழுதிவிடலாம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. இது சுற்றுச்சூழலைக் கெடுக்கிற கழிவு, இதிலிருந்து நாங்கள் மதிப்புள்ள ஒரு பொருளைச் செய்தோம். நடுவில் 'குறைந்த செலவு', 'பசுமை முறை' என்று இரண்டு சொல். கடைசியில் ஒரு வரைபடம், தண்ணீரில் இருந்த ஈயமோ சாயமோ கிட்டத்தட்ட முழுசா நீங்கிவிட்டது என்று.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆளுக்கு இந்த முன்னுரையைச் சும்மா தாண்டிப் போக முடியாது. இங்கே ரைஸ் மில்கள் நிறைய. புழுங்கல் போடவும் நெல்லைக் காயவைக்கவும் நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு மில்லிலேயே கிடைக்கிற உமிதான் எரிபொருள். நாளுக்கு 50 டன் நெல் அரைக்கிற மில் ஒன்று தன் உமியை முழுக்க எரித்தால் கிட்டத்தட்ட 2 டன் சாம்பல் தினமும் வெளியே வரும். டன் கணக்கில் பார்த்தால் பெரிசாத் தெரியாது. ஆனால் உமிச்சாம்பல் பஞ்சு மாதிரி லேசு. 2 டன் என்பது லாரி நிறைந்து வழியும். அது ரோட்டோரம், ஏரிக்கரை, காலி மனை என்று போய் விழுகிறது. ஆடிக் காத்தில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் 'இதை என்ன பண்ணலாம்' என்ற கேள்வி எங்களுக்கு நிஜமான கேள்வி. அதற்கு விடை சொல்வதாகத் தொடங்கும் கட்டுரையை அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுவதுதான் நியாயம். அப்படிப் போட்டால் இந்த வகையில் பெரும்பாலானவை தேறவில்லை என்பது என் கணிப்பு. வேதியியல் தவறு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட சாம்பல் எங்கள் சாம்பலே இல்லை என்கிறேன்.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம்.

சிமெண்டைத் தண்ணீரில் குழைத்தால் கெட்டிப்படுகிறதே, அந்தப் பிடிப்பைத் தருவது கால்சியம், சிலிக்கா, தண்ணீர் மூன்றும் சேர்ந்த ஒரு கூழ். சுருக்கமாக சி-எஸ்-ஹெச் என்பார்கள். நடுவில் வருகிற கோடுகள் அலங்காரத்துக்கு இல்லை. எது எவ்வளவு என்ற கணக்கு நிலையாக இல்லை என்பதைச் சொல்லத்தான் அந்தக் கோடு. இந்தக் கூழுக்கு ஒழுங்கான படிக உறவினர்கள் உண்டு. அதில் பெயர்பெற்றது டோபர்மோரைட். ஸ்காட்லாந்தில் மல் தீவின் டோபர்மோரி ஊர்ப் பக்கம் கிடைத்ததால், 1880-ல் ஹெட்டில் என்பவர் வைத்த பெயர். கால்சியம் 5 பங்கு, சிலிக்கான் 6 பங்கு. ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு, அடுக்குக்கு அடுக்கு சுமார் 11 ஆங்ஸ்ட்ராம். இன்னொன்று சோனோட்லைட், மெக்சிகோவில் கண்டுபிடித்தது. கால்சியமும் சிலிக்கானும் சம பங்கு, ஊசி ஊசியாக வளரும், தண்ணீர் குறைவு. அதனாலேயே சூட்டை நன்றாகத் தாங்கும். உலைகளுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் போடுகிற கால்சியம் சிலிகேட் காப்புப் பலகைகளில் இந்த இரண்டும்தான் இருக்கும். அதிக சூடான இடத்துக்கு சோனோட்லைட், குறைவான இடத்துக்கு டோபர்மோரைட்.

இந்தக் குடும்பத்தை இயற்கையாகப் பார்க்க ஆசைப்பட்டால் கல்வராயன் மலைக்குப் போகாதீர்கள். அங்கே இருப்பது சார்னோக்கைட். பூமிக்கு அடியில் ஆழத்தில், கடும் சூட்டில், தண்ணீர் வடிந்துபோன நிலையில் உருவான பாறை. இந்தக் கனிமங்களுக்கோ சூடும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், கால்சியமும் சிலிக்காவும் கரைந்து ஓடவும் வேண்டும். மகாராஷ்டிரத்தில், சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முந்தைய தக்காண எரிமலைப் பாறையின் பொந்துகளில் அது நடந்திருக்கிறது. புனே, மும்பைப் பக்கக் கல்குவாரிகளில் வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி ஒக்கெனைட் கிடைக்கும், கூடவே கைரோலைட். இரண்டும் இதே குடும்பம்தான்.

அந்தப் பாறைப் பொந்தில் நடந்ததை மூடிய பாத்திரத்தில் நடத்துவதுதான் நீர்வெப்ப முறை. வீட்டுக் குக்கர் 120 டிகிரியோடு நின்றுவிடும். இது 180, 200 டிகிரி வரை போகும். 180 டிகிரியில் உள்ளே ஆவி அழுத்தம் சுமார் 10 பார். அந்தப் பாத்திரத்துக்குத்தான் ஆட்டோகிளேவ் என்று பெயர்.

ஏன் இவ்வளவு சூடு, இவ்வளவு அழுத்தம்? என் முதல் குறையே இங்கிருந்துதான் தொடங்குகிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்கூடக் கரையாது. அதே தண்ணீர் 200 டிகிரியில் இருந்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் கரையும். சுண்ணாம்பு சேர்ந்து காரமாகிவிட்டால் இன்னும் அதிகம். அதாவது சாதாரண வெப்பத்தில் சும்மா கிடக்கும் மணலைக்கூட ஆட்டோகிளேவ் வினைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். 1880-ல் ஜெர்மனியில் மிக்கேலிஸ் என்பவர் சுண்ணாம்பு-மணல் செங்கலுக்குக் காப்புரிமை வாங்கியது இதை வைத்துத்தான். 1920-களில் சுவீடனில் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய லேசான கான்கிரீட்டும் இதே வழி. இன்று நம்ம ஊர் கட்டடங்களில் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருக்கிற ஏஏசி பிளாக் அதுதான். இந்தியாவில் அதை அனல்மின் நிலையச் சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்ட், ஜிப்சம், கொஞ்சம் அலுமினியப் பொடி போட்டுச் செய்கிறார்கள். அதைப் பிடித்து நிறுத்துவது டோபர்மோரைட்.

சோம்பேறி சிலிக்காவை வேலை செய்ய வைப்பதுதான் ஆட்டோகிளேவின் திறமை.

எங்கள் ஊர்ச் சாம்பலில் அந்தச் சோம்பேறி சிலிக்கா இருக்கிறது. மில் பாய்லரில் உமி ஒரே சூட்டில் எரிவதில்லை. ஒரு மூலையில் 600 டிகிரி, இன்னொரு மூலையில் 900. சூடு ஏறிய இடத்தில், உமியில் இருக்கும் பொட்டாசியமும் துணை போக, படிகமில்லாத சிலிக்கா கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறும். காற்று போதாத இடத்தில் கரி தங்கிவிடும். பொட்டாசியம் உருகி மேலே பூசிக்கொண்டால் உள்ளே மாட்டிய கரி அப்புறம் எரியவே எரியாது. ஆக வெளியே வருவது கறுப்புச் சாம்பல். கரி, படிக சிலிக்கா, படிகமில்லா சிலிக்கா, பொட்டாசிய உப்பு, அரைகுறையாக எரிந்த உமி எல்லாம் கலந்தது. இந்தக் கிறிஸ்டோபலைட் சும்மா ஒரு தொழில்நுட்பத் தொந்தரவு இல்லீங்க. மூச்சில் போகும் படிக சிலிக்காத் தூசியை 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைப் புற்றுக் காரணியாகவே சேர்த்துவிட்டது. சாம்பல் அள்ளுகிற ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அள்ளுகிறார்கள்.

கட்டுரைகளில் என்ன செய்கிறார்கள்? உமியை வாங்குகிறார்கள், சாம்பலை இல்லை. அதைக் கழுவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பொட்டாசியத்தை நீக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரில் பலமுறை அலசி, ஆய்வகச் சூளையில் 600, 700 டிகிரியில் பல மணி நேரம் எரிக்கிறார்கள். கிடைப்பது வெள்ளை வெளேரென்ற, படிகமே இல்லாத, கிட்டத்தட்ட சுத்தமான சிலிக்கா. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு சிலிக்கா கையில் இருந்தால் ஆட்டோகிளேவே தேவையில்லையே! சுண்ணாம்போடு ஈரமாகக் கலந்து வைத்தால் சாதாரண வெப்பத்திலேயே சில வாரங்களில் சி-எஸ்-ஹெச் ஆகிவிடும். செங்கல்பொடியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கியில் 1895-ல் முல்லைப் பெரியாறு அணையே எழும்பியது. அங்கே யாரும் அணையைக் குக்கரில் வைக்கவில்லை.

வினைக்கு லாயக்கில்லாத சிலிக்காவுக்கென்று உருவான முறையை எடுத்து, ஏற்கனவே துள்ளிக்கொண்டிருக்கும் சிலிக்காவுக்குப் போட்டுவிட்டு, 'கழிவைப் பயன்படுத்தினோம்' என்றால் எப்படி? கழிவின் கெட்ட குணங்களை எல்லாம் அமிலம் போட்டு நீக்கிய பிறகு அங்கே கழிவு எங்கே இருக்கிறது? இருப்பது புதிதாக உண்டான அமிலக் கழிவுநீர் மட்டும்தான். அது எவ்வளவு, எங்கே ஊற்றினார்கள் என்று எழுதுகிறவர்கள் அரிது.

இன்னும் ஒரு படி மேலே போகிறவர்களும் உண்டு. சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கரைத்துச் சோடியம் சிலிகேட் ஆக்கி, அதில் கால்சியம் நைட்ரேட் கரைசலை ஊற்றி, விழுகிற வண்டலை ஆட்டோகிளேவில் வைக்கிறார்கள். காஸ்டிக் சோடா கடைச் சரக்கு, கால்சியம் நைட்ரேட் கடைச் சரக்கு. மிஞ்சுகிற தண்ணீரில் சோடியம் நைட்ரேட். உமிச்சாம்பல் இந்தக் கதையில் ஒரு கௌரவ வேடம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சிலிக்கா ரொம்பத் துடிப்பாக இருந்தால் நல்ல டோபர்மோரைட் கிடைப்பதே சிரமமாகிவிடலாம். படிகமில்லா சிலிக்கா சட்டென்று கரைந்து ஒழுங்கற்ற கூழாகிவிடும். அது அப்புறம் நிதானமாகப் படிகமாக மாற வேண்டும். குவார்ட்ஸ் மெதுவாகக் கரைவதால் படிகம் வளர நேரம் கிடைக்கிறது. ஏஏசி தொழிற்சாலைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். கொஞ்சம் அலுமினியம் இருந்தால் டோபர்மோரைட் சீக்கிரம் உருவாகும், சோனோட்லைட்டாக மாறுவதும் தள்ளிப்போகும். இதுவும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதான். அமிலத்தில் அலசி எடுத்து வீசுகிற 'அசுத்தங்களில்' எது உதவும், எது கெடுக்கும் என்று பிரித்துப் பார்த்திருந்தால் அது எங்களுக்கு உபயோகமான ஆய்வாக இருந்திருக்கும்.

அடுத்த குறை கொஞ்சம் தொழில்நுட்பமானது. ஆனாலும் சொல்லியே ஆகணும், ஏன்னா முடிவே இதில்தான் நிற்கிறது. செய்த பொருள் டோபர்மோரைட்தான் என்று எப்படித் தெரியும்? எக்ஸ்-ரே விளிம்பு விளைவுப் படம் எடுப்பார்கள். செப்புக் குழாய்க் கதிரில் டோபர்மோரைட்டின் அடுக்கு இடைவெளி, அந்த 11 ஆங்ஸ்ட்ராம், 7.8 டிகிரிக் கோணத்தில் ஒரு உச்சியாகத் தெரியும். அதுதான் அதன் கையெழுத்து. இந்த வகைக் கட்டுரைகளில் கணிசமானவை படத்தையே 10 டிகிரியிலிருந்துதான் தொடங்குகின்றன. கையெழுத்து இருக்கிற பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பத்திரத்தைக் காட்டுகிற மாதிரி. பிறகு 29 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற உச்சியைக் காட்டி 'டோபர்மோரைட் உறுதியானது' என்பார்கள். அந்த இடத்தில் சி-எஸ்-ஹெச் கூழும் தெரியும். அதைவிட முக்கியமாக, சாதாரணக் கால்சைட்டின் மிகப் பெரிய உச்சி 29.4 டிகிரியில் இருக்கிறது. சுண்ணாம்பு காற்றில் கிடந்து கரியமில வாயுவைக் குடித்தால் ஆவது கால்சைட். ஆக, வினையே சரியாக நடக்காமல் சுண்ணாம்பு பழைய கல்லாகவே திரும்பிப் போயிருந்தாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஒரு உச்சி வரும். 5 டிகிரியிலிருந்து படம் எடுக்க இயந்திரத்துக்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. எடுத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் சேர்க்கவில்லை.

இனி அந்த ஈயம் நீக்குகிற வரைபடம். இதன் மூலம் நல்ல மூலம். 1983-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீதர் கோமர்நேனியும் டெல்லா ராயும் 'சயன்ஸ்' இதழில் இரண்டே பக்கக் கட்டுரை ஒன்றில், அலுமினியம் புகுந்த டோபர்மோரைட்டுகள் அயனிகளை மாற்றிக்கொள்ளும், அதிலும் சீசியத்தைத் தேர்ந்து பிடிக்கும் என்று காட்டினார்கள். அணுக்கழிவைச் சிமெண்டில் கட்டிவைக்கிற பிரச்சினை அப்போது பெரிசு. அதில் சீசியம் ஒரு தலைவலி. சிலிக்கான் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் ஒரு மின்சுமை குறையும், அதை ஈடுகட்ட வந்த சோடியத்தின் இடத்தைச் சீசியம் பிடிக்கும். காரணம், காரியம் இரண்டும் தெளிவு. இன்றைக்குப் படித்தாலும் மதிப்புத் தோன்றுகிற வேலை.

பின்னால் வந்தவர்கள் சீசியத்தை விட்டுவிட்டு ஈயம், காட்மியம், செம்பு என்று போனார்கள். இங்கே ஒரு சிக்கல். சி-எஸ்-ஹெச்சைத் தண்ணீரில் போட்டாலே கொஞ்சம் கால்சியம் கரைந்து தண்ணீர் நன்றாகக் காரமாகிவிடும். காரத் தண்ணீரில் ஈயமும் செம்பும் ஹைட்ராக்சைடாக வண்டல் கட்டிவிடும். வடிகட்டினால் போய்விடும். அதை 'டோபர்மோரைட் உறிஞ்சிக்கொண்டது' என்று எழுதி, அதற்கு ஒரு சமன்பாட்டையும் பொருத்தி, கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று திறன் கணக்குப் போடுகிறார்கள். அதே அளவு காரம் ஏறும்படி வெறும் சுண்ணாம்பு போட்ட ஒரு குவளையைப் பக்கத்தில் வைத்திருந்தால் உண்மை ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அந்தக் குவளை பெரும்பாலும் இருப்பதில்லை. வண்டல் கட்டுவதும் ஒரு சுத்திகரிப்புதானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அதற்குச் சுண்ணாம்பு போதும், டோபர்மோரைட் வேண்டாம்.

'பசுமை' என்ற சொல்லுக்கு ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 100 கிலோ சாம்பலில் 85 கிலோ சிலிக்கா என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்க டோபர்மோரைட் ஆக 66 கிலோ சுட்ட சுண்ணாம்பு வேண்டும். அதற்கு 118 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட வேண்டும். கல்லிலிருந்து மட்டும் 52 கிலோ கரியமில வாயு போகும், காளவாயின் எரிபொருள் தனி. கிடைப்பது சுமார் 172 கிலோ டோபர்மோரைட். தினம் 2 டன் சாம்பல் தள்ளுகிற அந்த மில்லுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். 1.3 டன் சுட்ட சுண்ணாம்பு, ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு. இது கூடாது என்று நான் சொல்லவில்லை. சிமெண்டுக்கும் இதே கணக்கு உண்டு. ஆனால் 'கழிவிலிருந்து' என்ற தலைப்பின் கீழ் பொருளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிய சுண்ணாம்பு இருக்கிறது என்பதையாவது ஒரு வரி சொல்லலாமில்லையா. நான் படித்த பலவற்றில் சுண்ணாம்பு என்பது 'ஆய்வகத் தர கால்சியம் ஆக்சைடு' என்று வாங்கிய ஒரு பாட்டில், அவ்வளவுதான்.

இந்தத் துறையில் நேர்மையான வேலை நடக்கவே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1970-களிலேயே பெர்க்லியில் பி. குமார் மேத்தா உமிச்சாம்பல் சிமெண்ட் பற்றி விரிவாக வேலை செய்தார். சாம்பலைச் சுத்தம் பண்ணுவதைவிட உமியை எரிக்கும்போதே சூட்டைக் கட்டுப்படுத்துவதுதான் வழி என்று தெளிவாக இருந்தார். ஐஐடி கான்பூரில் பி. சி. கபூர் ஒருபடி இறங்கி, கிராமத்தில் வைத்து எரிக்கக்கூடிய கம்பி வலைக் கூடை மாதிரியான அடுப்பையே வடிவமைத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜோஸ் ஜேம்ஸ், சுப்பா ராவ் இருவரும் 1986-ல் சுண்ணாம்பும் உமிச்சாம்பல் சிலிக்காவும் சேர்ந்து என்ன ஆகிறது என்பதை ஆட்டோகிளேவ் இல்லாமல் பொறுமையாகப் பார்த்து எழுதினார்கள். தலைப்பில் பெரிய வாக்குறுதி எதுவும் இல்லை. இவர்களுடைய கேள்வி 'எரிக்கிற இடத்தில் என்ன செய்யலாம்' என்பதாக இருந்தது. பிறகு வந்த அலைக்கு 'எந்த நானோப் பொருள் செய்தால் கட்டுரை போடலாம்' என்பதே கேள்வியாகிவிட்டது. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

யாருமே கவனிக்காத ஒன்று எனக்கு ஆச்சரியம் தருகிறது. சிறு தொழில்களுக்கு விற்கிற பாய்லர்களில் சகஜமான அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ. அந்த அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் சுமார் 185 டிகிரி. டோபர்மோரைட்டுக்கு வேண்டிய வெப்பம் அதேதான்! ஒரே வளாகத்தில் உமி, சாம்பல், அந்தச் சாம்பலைக் கனிமமாக்கும் சூட்டில் நீராவி மூன்றும். அறுவடை முடிந்து மில் மந்தமாக ஓடும் மாதங்களில் பாய்லர் பாதித் திறனில் கிடக்கிறது. அதனால் நாளைக்கே செங்கல் போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. ஆட்டோகிளேவ் பெரிய அழுத்தப் பாத்திரம், அதற்குத் தனிச் செலவு, தனிப் பரிசோதனை. கறுப்புச் சாம்பல் தண்ணீரைக் கண்டபடி குடிக்கும், அச்சில் அழுத்தினால் நிற்காது. கரி அதிகமானால் ஏஏசி மாதிரி நுரைக்க விடாது. பொட்டாசியம் பின்னால் சுவரில் உப்புப் பூக்கும். இந்தத் தடைகளில் எது தாண்டக்கூடியது, எது முடியாதது என்று சொல்ல வேண்டியது ஆய்வகம்தான். 50 மில்லிலிட்டர் டெஃப்லான் குப்பியில் இரண்டு கிராம் வெள்ளைப் பொடி செய்தால் இதில் ஒன்றுக்கும் விடை வராது.

பாய்லர்க்காரர்களுக்கு இந்தக் கனிமங்கள் வேறு வகையில் பழக்கம், பெயர் தெரியாவிட்டாலும். கடினத் தண்ணீரை அப்படியே விட்டால் குழாயில் ஸ்கேல் பிடிக்கும். தண்ணீரில் கால்சியமும் சிலிக்காவும் சேர்ந்திருந்தால் அந்த ஸ்கேலில் சோனோட்லைட் வருவது பாய்லர் வேதியியலில் பழைய செய்தி. சூட்டைக் கடத்தாத பொருள் என்று பலகையாகச் செய்து விற்கிறோமே, அதே குணம் குழாய்க்குள் வந்தால் குழாய் சூடேறி வெடிக்கிற அளவுக்குப் போகும். அமிலத்தில் சுலபமாகப் போகாது, தட்டித்தான் எடுக்கணும். நீர்வெப்பத் தொகுப்பு பற்றி எழுதுகிறவர்கள் ஒருமுறை மில் பாய்லரின் ஸ்கேலை வாங்கி எக்ஸ்-ரேயில் வைத்துப் பார்க்கலாம். வருஷக் கணக்கில் ஓடிய சோதனை, செலவில்லாமல் கிடைக்கிறது.

கடைசியாக, நெல்லுக்கே திரும்பி வருகிறேன். உமியில் ஏன் இவ்வளவு சிலிக்கா? கல்வராயன் மலையின் சார்னோக்கைட் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும்போது சிலிக்கா கரைந்து கோமுகியில் இறங்குகிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் அணையில் தேங்கி, வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. வயல் மண்ணும் தன் பங்குக்குக் கொடுக்கிறது. நெல் அதைத் தேடித் தேடிக் குடிக்கிற பயிர். வேரில் அதற்கென்றே ஒரு கடத்தி இருப்பதை ஜப்பானில் ஜியான் ஃபெங் மாவின் குழு 2006-ல் கண்டுபிடித்து 'நேச்சர்' இதழில் எழுதியது. சிலிக்கா ஏறிய பயிர் சாயாது, குலைநோயையும் ஓரளவு தாங்கும். அறுவடையில் வைக்கோலும் உமியுமாக அது வயலை விட்டுப் போய்விடுகிறது. நாம் அதை எரித்து ஏரிக்கரையில் கொட்டுகிறோம்.

ஜப்பானில் வயலுக்குச் சிலிக்கா உரம் போடுவது வழக்கம். பெரும்பாலும் இரும்பாலைக் கசடுதான். ஆனால் உடைந்த, மிஞ்சிய ஏஏசி கான்கிரீட்டைப் பொடித்த தூளும் அந்த உரப் பட்டியலில் இருக்கிறது. அதாவது டோபர்மோரைட்டை நெல்லுக்குப் போடுகிறார்கள். மண்ணில் அது மெல்லச் சிதைந்து சிலிக்காவையும் கால்சியத்தையும் விடும். உமிச்சாம்பல் டோபர்மோரைட் பற்றி எழுதுகிறவர்களுக்கு இதைவிட நேரான ஒரு பயன் இருக்க முடியுமா? எக்ஸ்-ரே படம் அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை, கரி இருந்தாலும் குற்றமில்லை, பொட்டாசியம் இருந்தால் லாபம்தான்.

ஆனால் இங்கேயும் அந்தப் பக்கத்துக் குவளை வேண்டும். ஆட்டோகிளேவில் போட்டு எடுத்த தூள் ஒரு பாத்தியில், அதே சாம்பலைச் சுண்ணாம்போடு ஈரப்படுத்தி ஒரு மாதம் சும்மா வைத்தது ஒரு பாத்தியில், மில்லிலிருந்து வந்த கறுப்புச் சாம்பல் அப்படியே ஒரு பாத்தியில், எதுவும் போடாத பாத்தி ஒன்று. நாலிலும் ஒரே ரகம், ஒரே தண்ணீர். அறுவடையில் வைக்கோலிலும் உமியிலும் சிலிக்கா எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் போதும். மூன்றாவது பாத்தியே முதல் பாத்திக்கு நெருக்கமாக வந்துவிடலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படி வந்தால், தூசி பறக்காமல் ஈரப்படுத்தி, வயலுக்குக் கொண்டுபோகிற லாரி வாடகை எவ்வளவு என்பதுதான் அடுத்து விசாரிக்க வேண்டியது.